விடுபட்ட வரிக்குப் பொறுப்பானவர்

அச்சகத்தில் அவனைக் கமா என்றுதான் கூப்பிடுவோம். மூலப்பிரதியை உரக்கப் படிப்பது அவன் வேலை. கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் சேர்த்தே படிப்பான். எதிரே உட்கார்ந்து, அச்சேறும் முன் எடுத்த புரூஃபை நான் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். நான் "சரி" சொன்னால்தான் அடுத்த வாக்கியத்துக்குப் போவான். பழக்கம் வெளியிலும் ஒட்டிக்கொண்டது. "டீ ஒண்ணு கமா சர்க்கரை கம்மியா" என்பான். "புள்ளி வைங்க சார், ஊத்திடறேன்" என்பார் கடைக்காரர்.

போன மாதம் இறந்துபோனான். நினைவுமலருக்காக அவன் வாழ்க்கையை நான்கு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார் அவன் மனைவி. "வேலை போன கதையெல்லாம் வேண்டாண்ணா. உடம்பு முடியாம நின்னுட்டார்னு போட்டுடுங்க."

அப்படியே எழுதினேன். அதுவரை ஒவ்வொரு வாக்கியத்தையும் என் முதுகுக்குப் பின்னால் அவன் குரல் படித்துக்கொண்டு வந்தது. அந்த இடத்தில் நின்றுவிட்டது. மூன்று நாள் ஒரு வரியும் ஓடவில்லை. பொய் என்று யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. வேலை போனதன் உண்மைக் காரணம் தெரிந்தவர்கள் இருவர், ஒருவன் போய்விட்டான்.

நடந்தது இதுதான். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், இருமல் மருந்தோடு வைக்கும் தாளில் ஒரு வரி விடுபட்டுப்போனது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரி. கமா அதைப் படித்தான். நான் "சரி" என்றேன். புரூஃபுக்கு அடியில் நான் கட்டிக்கொள்ள இருந்த பெண்ணின் கடிதம் இருந்தது. என் கண் அதில் இருந்தது. ஒரு குழந்தை ஆஸ்பத்திரிவரை போய்ப் பிழைத்தது. முதலாளி விசாரித்தபோது கமா முந்திக்கொண்டான். "புரூஃப் என் கையில இருந்துச்சு சார். தூங்கிட்டேன்."

வெளியே வந்ததும் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"விடுடா. வேலை போனவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? எனக்குக் குடுத்தாச்சு. இனிமே திருப்பி வாங்க மாட்டாங்க."

பிறகு கடைசிவரை ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்தான். "இப்பத்தான்டா சுதந்திரம். எவன் தப்பையும் நான் பாக்க வேண்டாம்" என்பான். ஒரு செய்தித்தாளைக்கூட அவன் பிரித்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவன் சொன்னதை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. வீட்டில் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். அவன் மனைவி அப்படிக் கூப்பிடும்போது நானும் சிரித்திருக்கிறேன்.

நான்காம் நாள் போய் அவன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவனுடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"கடைசி நாள் காலையிலகூட, தூங்கினது போதும் எந்திரிங்கன்னுதான் சொன்னேன்" என்றார். பிறகு கேட்டார்: "அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

மலரின் அட்டைக்காக எடுத்து வைத்திருந்த அவன் படத்தை அலமாரிக்குள் வைத்துச் சாத்தினார். "அங்க சொல்லிட்டு வாங்கண்ணா. அப்புறம் தரேன்."

சொன்னேன். என் மனைவி மறுநாள் காலை என்னைக் கூப்பிடாமல் தனியாக அந்த வீட்டுக்குப் போனாள். மத்தியானம் திரும்பி வந்து படத்தை என் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க. என் லெட்டரையும் விடாம எழுதுங்க."

அங்கே இருவரும் என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. அன்றுமுதல் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, புரூஃப் பார்ப்பதுபோல் என்னையே பார்க்கிறாள். ஏதாவது கேட்பாள் என்று காத்திருக்கிறேன். கேட்பதில்லை.