படிக்குக் கீழே நின்றால் சாட்சி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் ஒன்று நடந்தது. படபடப்பு இன்னும் அடங்கவில்லை எனக்கு.

ஒரகடம் பக்கம் ஷீட் போட்ட ஹால்தான் எங்கள் சர்ச். வருகிறவர்களில் பாதிப் பேர் கம்பெனி ஆட்கள். அன்றைக்குப் பாஸ்டர் ஐயாவுக்குக் காய்ச்சல். "கிரேஸ் சிஸ்டர் பேசட்டும்" என்று போனில் சொல்லிவிட்டார்.

கிரேஸ் அக்காவும் நானும் ஒரே கம்பெனி. அவர் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் லைன் லீடர், நான் பேக்கிங். புதன்கிழமை பெண்கள் உபவாச ஜெபத்தை நடத்துவது அவர்தான்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் சாட்சி சொல்லலாம். வியாதி தீர்ந்தது, மகனுக்கு வேலை கிடைத்தது… எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால், படிக்குக் கீழே நின்று! மேலே இருக்கும் பிரசங்க மேடை ஆண்களுக்கு. யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் மீறியதும் இல்லை.

அக்கா படியேறிவிட்டார்.

அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வேதத்தை விரித்தார். கிணற்றடிக்குத் தண்ணீர் எடுக்க வந்த பெண்ணின் கதை. ஊரே ஒதுக்கிய பெண்.

"குடத்தை அங்கயே போட்டுட்டு ஊருக்குள்ள ஓடறா. ஓடிப்போய் ஜனங்களைப் பார்த்து இன்னா சொல்றா தெரியுமா—"

மைக் பொட்டென்று செத்துவிட்டது.

கரண்ட் போய்விட்டதோ? ஃபேன் சுற்றுகிறதே! திரும்பிப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயர் ஸ்விட்சில் ஒரு கை இருந்தது.

என் கணவரின் கை. சபையில் மைக்செட் பார்த்துக்கொள்வது அவர்தான்.

சபையின் பெரியவரான மூப்பர் எழுந்தார். "சிஸ்டர், கீழ இறங்கி சாட்சியா சொல்லுங்க. மைக் போடச் சொல்றேன்."

"பாஸ்டர்தானேண்ணே பேசச் சொன்னாரு?"

மூப்பர் அங்கேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். இருமலுக்கு நடுவே பாஸ்டர் ஐயாவின் குரல் வந்தது. "நான் சாட்சி சொல்லத்தானே சொன்னேன்…"

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்களா?

அக்கா வேதத்தை மூடினார். இறங்கி வந்து என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். பிரஸ் மெஷின் சத்தத்துக்கு மேல் குரல் கொடுக்கிறவர் எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"இனிமே நான் வாயே தொறக்கறதில்ல. புதன்கிழமையும் சேத்துதான்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏங்க ஆஃப் பண்ணீங்க?"

"மூப்பர் கை காட்டினாரு, பண்ணேன். இதுல இன்னா கீது?"

இவருக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் நின்று ஜெபித்தவர் அந்த அக்கா. அதைச் சபையில் சாட்சியாகச் சொன்னவர் இவர். அதுவும் மைக்கில்!

அதே வாய், அதே வார்த்தை. இரண்டு படி ஏறினால் அது எப்படிக் குற்றமாகிறது? கேட்க நினைத்தேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. வீட்டிலும் அப்படித்தான்.

திங்கட்கிழமை. சிங்கப்பெருமாள் கோவிலில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது, கூட வேலை செய்யும் செல்வியிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவள் சர்ச் பக்கமே வராதவள்.

பஸ்ஸில் பாட்டு அலறியது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். செல்வி பின்சீட்டிலிருந்து கத்தினாள்.

"யக்கா! குடத்தைப் போட்டுட்டு ஓடினாளே… ஊருக்குள்ள போய் இன்னாதான் சொன்னா? பாதில வுட்டா எனுக்கு சோறு எறங்காது!"

பஸ்ஸே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. திரும்பவும் இல்லை.

சட்டென்று பாட்டு நின்றது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "சொல்லும்மா. நானும் கேக்கறேன்."

அக்கா மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். முக்காட்டைப் போட்டுக்கொண்டார். 'வந்து பாருங்க' என்று அந்தப் பெண் ஊரையே கூப்பிட்டதில் ஆரம்பித்து, ஒரகடம் வரும்வரை பேசினார். எஞ்சின் சத்தத்தைத் தாண்டி, கடைசி சீட்டு வரைக்கும் கேட்டது.

சாயங்காலம் இதைக் கணவரிடம் சொன்னேன். அவர் கேட்டார்:

"டிரைவருக்கு யாரு கை காட்டினா?"

"யாரும் இல்லீங்க" என்றேன்.