ஃபயர்வாலை அணைக்கத் திருவண்ணாமலை போன பௌர்ணமி

போன பௌர்ணமிக்கு நான் திருவண்ணாமலை போனது சாமி கும்பிட அல்ல, ஃபயர்வாலை அணைக்க. செங்கம் ரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப் இருக்கிறது. அதன் பதினான்கு கம்ப்யூட்டர்களையும் சென்னையிலிருந்து பார்த்துக்கொள்வது நான்தான். மூன்று நாட்களாக மெஷினிலிருந்து ரிசல்ட் ரிசப்ஷனுக்கு வரவில்லை. சாஃப்ட்வேர் விற்றவர்கள் போனிலேயே வைத்தியம் சொல்லிவிட்டார்கள்: விண்டோஸோடு வரும் ஃபயர்வாலை, அதாவது வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல் சாஃப்ட்வேரை, எல்லா கம்ப்யூட்டரிலும் அணைத்துவிடுங்கள். சர்வரில் ஒரு இடத்தில் மாற்றினால் பதினான்கிலும் அணைந்துவிடும். அரை மணி நேர வேலை, ஆனால் ரிசல்ட் வருகிறதா என்று நேரில் பார்க்க வேண்டும்; அப்படியே கிரிவலம் என்று கிளம்பிவிட்டேன்.

கிளாம்பாக்கத்தில் காலை ஐந்தரை மணிக்கு பஸ். உட்கார இடம் கிடைத்தது, அதுவே பெரிய அருள். நான்கரை மணி நேரத்தில் ஊருக்கு வெளியே போட்டிருந்த தற்காலிக பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார்கள். பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள் என்பதை மறந்து ஆட்டோவில் ஏறினேன்.

"செங்கம் ரோடு உள்ள வண்டி போவாதுங்க மேடம். முன்னாடியே எறக்கி விட்டுர்றேன், நடந்துடுங்க" என்றார் டிரைவர். நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு பாதி வழியில் இறக்கினார். மீதி ஒன்றரை கிலோமீட்டர், தோளில் லேப்டாப்போடு நடை.

லேப் வாசலில் ஒரு போர்டு. 'கிரிவல பக்தர்களுக்கு இலவச வைஃபை' என்று எழுதி, கீழே பாஸ்வேர்டும் போட்டிருந்தது. எனக்குப் பகீரென்றது. என் போனில் அதைப் பிடித்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, லேப் கம்ப்யூட்டர்கள் இருக்கும் அதே நெட்வொர்க்.

லேப் ஓனர் தன்யகுமார் சமணர். பக்கத்து கிராமத்தில் இன்னமும் நெல் போடும் குடும்பம். அவர் மலை சுற்றுவதில்லை, சுற்றுகிறவர்களுக்கு எதையும் கம்மியாகச் செய்வதும் இல்லை.

"எல்லாரும் தண்ணி குடுக்கறாங்க, அன்னதானம் போடறாங்க. நாம வைஃபை குடுக்கறோம்" என்றார் பெருமையாக.

"சார், இந்த வைஃபை ஓடும்போது ஃபயர்வாலை அணைச்சா, ரோட்டுல போறவங்க எல்லாரும் உங்க நோயாளிங்க ரிப்போர்ட் பக்கத்துல வந்து நிக்கற மாதிரி. மொதல்ல வைஃபையை நிறுத்துங்க. ஒரு மணி நேரத்துல அதை லேப் நெட்வொர்க்குலேர்ந்து பிரிச்சுக் குடுத்துர்றேன்."

"இன்னைக்கு நிறுத்த முடியாதுங்க. வெச்சதுலேர்ந்து ஒரு பௌர்ணமி கூட நின்னதில்ல. நாளைக்கு பாத்துக்கலாம், ரிப்போர்ட்டை இன்னைக்கும் கையால எழுதட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த கலைச்செல்வி திரும்பினார். மூன்று நாட்களாகத் திரையைப் பார்த்து ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் கையால் எழுதுகிற டெக்னீஷியன் அவர்தான்.

"சார், நேத்து ஒரு அம்மாவுக்கு சக்கரை அறுபத்தொண்ணு. நான் நூத்தி அறுபத்தொண்ணுனு எழுதிட்டேன். திரும்பப் பாத்ததால தப்பிச்சுது. இனிமே நான் கையால எழுத மாட்டேன் சார்."

ஏற்கெனவே சர்க்கரை இறங்கிக் கிடக்கிறவர், ஜாஸ்தி என்று நம்பி மாத்திரையைக் கூட்டிப் போட்டால் என்ன ஆகும் என்று அந்த அறையில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தன்யகுமார் வெளியே போய், போர்டை அவரே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

அப்புறம் என் ராஜ்ஜியம். வைஃபையை நிறுத்திவிட்டுப் பதினான்கிலும் ஃபயர்வாலை அணைத்தேன். தேங்கியிருந்த ரிசல்ட்டெல்லாம் ரிசப்ஷனில் மளமளவென்று வந்து விழுந்தன. ஆக, அடைத்துக்கொண்டிருந்தது ஃபயர்வால்தான். ஆனால் ரிசல்ட் வர ஒரே ஒரு வழி போதும். அதை மட்டும் திறந்துவிட்டு, ஃபயர்வாலை எல்லாவற்றிலும் மறுபடி போட்டேன். ரிசல்ட் நிற்கவில்லை. பக்தர்களின் வைஃபையைத் தனி நெட்வொர்க்காகப் பிரித்துவிட்டதும் போர்டு வாசலுக்குத் திரும்பியது.

பௌர்ணமிக்குப் போகிறவர்களுக்கு: காலை பத்து மணிக்குள் ஊர் போய்ச் சேருங்கள். கனமான பையோடு சுற்றாதீர்கள், பதினான்கு கிலோமீட்டர். செங்கம் ரோட்டு அறைகளை முன்கூட்டியே பிடியுங்கள். லேப், கிளினிக் நடத்துகிறவர்களுக்கு: 'எல்லாத்தையும் அணைச்சிடுங்க' என்று யாராவது போனில் சொன்னால், எது தடுக்கிறது என்று கண்டுபிடிக்க மட்டும் அணையுங்கள். கண்டுபிடித்ததும் திரும்பப் போட்டுவிடுங்கள்.

மாலை ஐந்தரை மணிக்குக் கலைச்செல்வியும் என்னோடு கிரிவலம் வந்தார். பாதி வழியில் அடி அண்ணாமலை கோயில் வரும்வரை சினிமா, சம்பளம், மாமியார் என்று பேச்சு ஓடியது. அங்கே டீ குடிக்கும்போது திடீரென்று சொன்னார்:

"சார்கிட்ட பாதிதான் சொன்னேங்க. அந்த அம்மா ரிப்போர்ட்டை வாங்கினு போயிட்டாங்க. அப்புறம்தான் திரையைப் பாத்தேன். தேடிக்கினு ஓடினேன். மருந்துக் கடையில மாத்திரைக்குக் காசு குடுத்துனு இருந்தாங்க."

அவர் டம்ளரில் டீ ஆறிப்போயிருந்தது. நான் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு இன்னொரு டீ சொன்னேன்.