மின்வெட்டில் பதிவான தாலாட்டு

இது கட்டிச் சொல்லும் கதையன்று. 2009ஆம் ஆண்டு தை மாதத்தில், கீழ்வேளூருக்கு அருகே என் சொந்த வீட்டில் நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அந்தப் பதிவு இன்றும் என்னிடம் உள்ளது.

என் மனைவி குந்தவைக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையை முழுவதும் எடுத்துவிட வேண்டும், அதன்பின் பேச்சு வராது என்று தஞ்சாவூர் மருத்துவர் கூறிவிட்டார். மஸ்கட்டில் பணிபுரியும் எங்கள் மகன் இளஞ்செழியனுக்குச் சித்திரையில் குழந்தை பிறக்கவிருந்தது. அக்குழந்தை கேட்பதற்காகத் தன் தாலாட்டைக் கணினியில் பதிந்து வைக்க வேண்டும் என்பது ஒன்றே அவளது ஆசை. மறுநாள் காலை மருத்துவமனையில் சேர வேண்டும். எஞ்சியிருந்தது ஒரு மாலைப்பொழுது மட்டுமே.

கணினியின் விசிறி இரைச்சல் பதிவில் விழுந்துகொண்டிருந்தது. ஆதலால் கணினியைக் கூடத்தில் விட்டு, நெல் மூட்டைகள் அடுக்கிய உள்ளறையில் மைக்கை வைத்தோம். ஆனால் பதிவைத் தொடங்கவும் நிறுத்தவும் ஒவ்வொரு முறையும் நான் கூடத்துக்கு ஓட நேர்ந்தது.

துபாயிலிருந்து திரும்பிக் கடைத்தெருவில் கணினி பழுதுபார்க்கும் பாசித் அதற்கு வழி செய்தார். பழைய கீபோர்டு ஒன்றைப் பிரித்து, அதனுள்ளிருந்த சிறு மின்சுற்றுப் பலகையை மட்டும் எடுத்தார். பதிவைத் தொடங்கும் எழுத்துக்கும் நிறுத்தும் எழுத்துக்கும் உரிய இடங்களில் ஒயரைப் பற்றவைத்தார். ஒரு சோப்புப் பெட்டியில் இரண்டு பொத்தான்களைப் பொருத்தினார். சிவப்பை அழுத்தினால் பதிவு தொடங்கும். கறுப்பை அழுத்தினால் நிற்கும். ஓரத்தில் ஒரு குட்டி விளக்கு. அங்கிருந்து கூடத்துக் கணினி வரை நீண்ட ஒயர்.

"கறுப்பு புதுசு சார். செவப்பு ஒரு வீட்ல கழட்டுனது. நல்லா உழைக்கும்," என்றார்.

"பெட்டியில இன்னும் சோப்பு வாசனை போகலியே," என்றாள் குந்தவை.

"பாட்டும் மணக்கட்டும்னுதாம்மா."

மாலையில் வயலில் அறுவடை இயந்திரங்கள் ஓய்ந்தன. குந்தவை மூட்டைகளுக்கு நடுவே அமர்ந்தாள்.

"பரீட்சைத் தாள் திருத்துற மொகத்தோட எதிர்ல உக்காந்தா எனக்குப் பாட்டு வராது. கூடத்துக்குப் போங்க."

சென்றேன். திரையைப் பார்த்தேன். பதிவு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

"அழுத்திட்டியா?"

"இல்லியே. இப்பத்தானே உக்காந்தேன்."

நிறுத்தினேன். மீண்டும் தானே தொடங்கிற்று.

"என்னங்க... இந்தச் செவப்புப் பொத்தான் கதகதன்னு இருக்கு. யாரோ இப்பத்தான் விரலை எடுத்த மாதிரி."

ஒயரின் கோளாறு என்றெண்ணி, அவளைப் பாடச் சொன்னேன். பாடினாள். பாட்டு பாதியைத் தாண்டியபோது, மணி ஏழு பத்துக்கு, மின்சாரம் நின்றது. கணினி அணைந்தது. சேமிக்காத பதிவு அத்தனையும் போயிற்று.

இருளில் தடவிக்கொண்டு உள்ளறைக்குச் சென்றேன்.

சோப்புப் பெட்டியின் குட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கணினி வழியாகவன்றி அதற்கு மின்சாரம் இல்லை. கணினியோ அணைந்து கிடந்தது.

டக்... டக்... டக்...

"பொத்தானை அழுத்தாத, குந்தவை."

"நான் தொடவேயில்லீங்க."

டக்... டக்...

"இதோ கொண்டு வர்றேன்," என்று அவள் எழுந்து போனாள். மெழுகுவத்திக்கு என்று நினைத்தேன். திரும்பி வந்து என் கையில் ஒரு தம்ளரை வைத்தாள். தண்ணீர்.

"இது எதுக்கு?"

"நீங்கதானே கேட்டீங்க?"

நான் கேட்கவில்லை.

தம்ளரைப் பெட்டியருகே வைத்தேன். ஓசை நின்றது.

குந்தவை என் கைகளைப் பற்றிக்கொண்டாள். பயத்தை அடக்கவோ என்னவோ, தாலாட்டை மெல்லப் பாடத் தொடங்கினாள். முழுவதும் பாடினாள்.

பாட்டு முடிந்தது.

விளக்கு... தானே அணைந்தது.

எட்டு பத்துக்கு மின்சாரம் வந்தது. தம்ளர் காலி. தரையில் ஈரம் இல்லை. நாங்கள் இருவரும் குடிக்கவில்லை.

கணினியைப் போட்டேன். புதிதாக ஒரு பதிவு இருந்தது. ஏழு பத்திலிருந்து.

டக்... டக்... என் குரல். அவள் குரல். பிறகு, மைக்குக்கு மிக அருகில், வறண்ட ஒரு முதிய குரல்.

"தண்ணி..."

"இதோ கொண்டு வர்றேன்."

விழுங்கும் ஓசை. பிறகு தாலாட்டு. அதன் அடியில் ஒரு மூச்சு. அடிக்கு அடி அது மெலிந்தது. கடைசி அடியில்... நின்றுவிட்டது.

மறுபடியும் பாட அவள் தொண்டை இடங்கொடுக்கவில்லை. காலையில் புறப்பட்டோம். அவளது பேச்சு அவ்வளவோடு முடிந்தது.

பத்து நாள் கழித்துப் பாசித்திடம் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

"இது மீரா உசேன் மாமா குரல் சார்."

மீரா உசேன் கடைத்தெருவுக்குப் பின்னால் படுக்கையில் கிடந்த முதியவர். பிள்ளைகள் சவூதியில். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் சிலர் செய்வதுபோல, அவர்களும் தகப்பனாரின் கட்டிலில் அழைப்பு மணிப் பொத்தானை வைத்து, மணியைப் பக்கத்து அப்துல் அஜீஸ் வீட்டில் மாட்டியிருந்தார்கள்.

"மார்கழியில ஒரு நாள் சாயந்தரம் கரண்டு போச்சு. கரண்டு இல்லாம மணி எப்படி அடிக்கும்? திரும்பி வந்ததும் மணி அடிச்சுச்சு பாருங்க... நிக்கவேயில்ல. எல்லாரும் ஓடுனோம். கட்டைவிரல் பொத்தான் மேலயே இருந்துச்சு. கை சூடு ஆறல. தண்ணிச் சொம்பு எட்டாத தூரத்துல உருண்டு கெடந்துச்சு. மய்யித்த எடுத்து அடக்கம் பண்ணுனப்புறம் மணியக் கழட்டச் சொன்னாங்க. நான்தான் கழட்டுனேன்."

"செவப்புப் பொத்தானா?"

பாசித் ஆமெனத் தலையசைத்தார்.

அந்த மூச்சைத் தாலாட்டிலிருந்து பிரிக்கப் பாசித் எவ்வளவோ முயன்றார். முடியவில்லை. குந்தவையின் குரல் வேறெங்கும் இல்லை. ஆகவே தாலாட்டை மட்டும் வெட்டி, அந்த மூச்சோடேயே மகனுக்கு அனுப்பினோம். மூச்சைப் பற்றி அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வயதில் பேத்தி மஸ்கட்டிலிருந்து தொலைபேசியில் கேட்டாள்.

"அப்பாயி பாடுறப்போ, பக்கத்துல தூங்குறது யாரு தாத்தா?"