கண்ணை மூடி எறிந்த பந்து

தவக்காலத்தின் முதல் சனிக்கிழமை காலை, கெலிஓயாவில் கண்டி பஸ் ஏறினாள் ஐரின். மாவட்ட வலைப்பந்து அணிக்கு அன்று ஆள் எடுக்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு முறை எறிந்த பந்தெல்லாம் தவறித் தோற்றவள். இந்த முறையும் தோற்றால் இனிப் பந்தைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தாள்.

அதனால் மனதைத் தயார்படுத்தியிருந்தாள். கண்ணை மூடு, பந்து வளையத்துக்குள் விழுவதைப் பார் என்று ஏதோ வீடியோவில் சொல்லியிருந்தார்கள். வேலை செய்த மருந்துக்கடையிலும், பஸ்ஸிலும், ஞாயிறு பூசையிலும் கண்ணை மூடினாள். மனதுக்குள் ஒரு பந்துகூடத் தவறவில்லை. அணித் தலைவியாகி, நன்றியுரையும் தயாரித்துவிட்டாள். நிஜப் பந்தைத் தொடத்தான் நேரம் கிடைக்கவில்லை.

பூசையில் அவளைக் கவனித்த பக்கத்து வீட்டு வெரோனிக்கா, ஐரினின் அம்மா டொரதியிடம் கேட்டிருந்தாள்.

"மகள மடத்துக்குக் குடுக்கப் போறீங்களாமே?"

"பாத்திரம் கழுவச் சொன்னாலும் கண்ண மூடிக்கிறா. எனக்கு என்னாத்தத் தெரியும்?"

அதற்கு அடுத்த வாரமே மடத்திலிருந்து ஒரு கன்னியாஸ்திரி தேநீருக்கு வந்தார். உண்மையைச் சொல்ல வெட்கப்பட்ட ஐரின், தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை, கண்டி மைதானத்தில் முதல் பந்தை எறியும்போதும் பழக்கதோஷத்தில் கண் மூடிக்கொண்டது. பந்து நடுவரின் தேநீர்ப் போத்தலைச் சாய்த்தது.

"ஏன் பிள்ளை, செபம் முடிஞ்சுதோ?" என்றார் தேர்வாளர் திருச்செல்வம், யாழ்ப்பாணத்து மாஸ்டர். எல்லாரும் சிரித்தார்கள்.

கண்ணைத் திறந்து பார்த்தால், மனதில் பார்த்ததைவிட வளையம் மிகச் சிறிதாக இருந்தது. ஒன்றும் விழவில்லை. பிறகு நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஆள் குறைந்த பக்கத்துக்கு, எதிராளியின் பந்தைத் தடுக்க அவளை அனுப்பினார்கள். அதற்கென்று அவள் எதையும் கற்பனை செய்து வைத்திருக்கவில்லை. அதனால் ஓடினாள், குதித்தாள், பந்துகளைப் பறித்தாள். "தள்ளாதடி!" என்று ஒருத்தியை அதட்டவும் செய்தாள்.

மாலையில் வாசித்த பெயர்களில் அவள் பெயர் இல்லை. மடமே மேல் என்று மூக்கைச் சிந்திக்கொண்டே வீடு திரும்பினாள். சத்தியத்தை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றினாள்.

நத்தார் பண்டிகை நெருங்கிய டிசம்பர் நாளொன்றில், கடையில் மாத்திரை வெட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது.

"ஐரின், தடுப்பாட்டத்துக்கு நிண்ட பிள்ளை கலியாணம் முடிச்சுப் போயிட்டா. அண்டைக்கு நீர் பந்து பறிச்சது நினைவிருக்கு. வெள்ளிக்கிழமை பின்னேரம் பயிற்சிக்கு வாரும். — திருச்செல்வம்."