ஏழாம் நம்பர் ஷூ

சாமான் வாங்குவதில் என்னை ஏமாற்ற விருதுநகர் மாவட்டத்தில் ஆள் கிடையாது என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்குப் பர்ச்சேஸ் வேலை. பழுப்புத் தாளை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தே அதன் கனத்தைச் சொல்லிவிடுவேன். சணலை மோந்து பார்த்து, மழையில் நனைந்த சரக்கா இல்லையா என்று கண்டுபிடிப்பேன். வீட்டுக்கு வாங்கும் கத்தரிக்காயிடமும் இதே கெடுபிடிதான். என் தலையைக் கண்டால் காய்க்காரம்மா கூடையைத் துண்டால் மூடிவிடுவாள்.

என் மனைவிக்கும் அதே கம்பெனிதான். சரவெடி பின்னுகிற அறையில் இருந்தாள். பள்ளிக்கூட நாளில் மாவட்ட அளவில் ஓடி இரண்டாவதாக வந்தவள். அந்தச் சான்றிதழ் பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் கிடந்தது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவள் ஓடியதெல்லாம் காலையில் கம்பெனி வேனைப் பிடிக்கத்தான்.

ஒரு தை மாதம் லேபிள் வாங்கச் சிவகாசியில் ஓர் அச்சாபீசுக்குப் போயிருந்தேன். அங்கே அடுக்கி வைத்திருந்த நோட்டீஸ் ஒன்றைச் சும்மா எடுத்துப் படித்தேன். மேற்கே மலையடிவாரத்தில் ஓட்டப்போட்டி, பெண்களுக்குத் தனியாக. அடிவாரத்துப் புளியந்தோப்பில் கிளம்பி, காட்டுப்பாதையில் மேலே ஏறி, அங்கே இருக்கும் கொட்டகைக்குள் போய்ப் புறங்கையில் முத்திரை குத்திக்கொண்டு, வந்த வழியே இறங்க வேண்டும். காலணி கட்டாயம். தாள் நல்ல கனமாக இருந்ததால் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அவளிடம் காட்டும் உத்தேசமெல்லாம் இல்லை. சட்டையைத் துவைக்க எடுத்தபோது அவளே பார்த்துவிட்டாள்.

மூன்றாம் நாள் சோறு போடும்போது சொன்னாள்.

"நான் ஓடப் போறேன்."

"எங்க?"

"மலையில. ஜெயிக்கணும்னு சொல்லல. ஒரு தடவ முழுசா ஓடி முடிக்கணும். பாதியில நின்னு திரும்புனா ரூம்ல ஒருத்தி மொகத்துல முழிக்க முடியாது. எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

"என்கிட்டச் சொல்லுறதுக்கு முந்தியேவா?"

"உங்ககிட்டச் சொன்னா ஷூ என்ன வெலைன்னு கேப்பீக."

அதைத்தான் கேட்க வாயெடுத்தேன். மென்று முழுங்கிவிட்டு, "ஷூவ நான் பாத்துக்கிறேன்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். ஒரு பொருளைப் பற்றித் தெரியாமல் அதை வாங்கப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. மறுநாள் காலையில் சூலக்கரைப் பக்கம் போனேன். போலீஸ் வேலைக்காக ஓடிப் பழகும் ஆட்கள் அங்கே நிறைய உண்டு. ஒவ்வொருவரையும் நிறுத்தி, காலைத் தூக்கச் சொல்லி, அடிப்பக்கத்தைப் பார்த்தேன். லாடம் அடிக்க வந்தவன் என்று நினைத்திருப்பார்கள். ஆனாலும் பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள். மலைக்கு ஓடுகிற ஷூ வேறு, ரோட்டில் ஓடுகிற ஷூ வேறு. மலைக்கு அடிப்பக்கம் டிராக்டர் டயர் போலக் கட்டை கட்டையாக இருக்க வேண்டும். மடக்கினால் விரல் மடங்குகிற இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வாங்கக் கூடாது. பளபளப்புக்கும் குதிகாலில் தெரிகிற காற்றுப் பைக்கும் கொடுக்கிற காசு தண்டம். இறங்கும்போது நகம் இடிக்காமல் இருக்க முன்னால் ஒரு கட்டைவிரல் இடம் விட வேண்டும். இவ்வளவும் சொன்ன ஒருவன் கடைசியில், "எல்லாத்துக்கும் மேல காலுக்குப் பொருந்தணும்ணே" என்றான். அது எனக்குத் தெரியாதா என்று வந்துவிட்டேன்.

இதோடு என் பங்குக்கு ஒரு சோதனையைச் சேர்த்துக்கொண்டேன். கம்பெனிக்கு வருகிற சாமானில் இரும்புத் துணுக்கு கலந்திருக்கிறதா என்று பார்க்க நான் எப்போதும் பையில் ஒரு காந்தம் வைத்திருப்பேன். வெடிமருந்துப் பக்கம் இரும்பு உரசினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆணி அடித்த செருப்பைக் கம்பெனி கேட்டுக்குள் விடமாட்டார்கள். ஆணி இல்லாத செருப்பும் அறை வாசலோடு சரி, உள்ளே வெறுங்கால்தான். நான் பார்க்கிற ஷூவுக்கு மட்டும் என்ன விதிவிலக்கு?

மதுரையில் ஒரு பெரிய கடையில் எல்லாம் பொருந்திய ஷூ ஒன்று அகப்பட்டது. டயர் அடி, பஞ்சு போலக் கனமில்லை, விரல் பக்கம் மடங்கியது. போன வருஷத்து மாடல் என்று பாதி விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் நம்பர் மட்டும்தான் மிச்சம். நான் காந்தத்தை எடுத்தேன். கயிறு கோக்கும் வளையத்தில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"இரும்பு இருக்கே" என்றேன்.

"இருந்தா என்ன சார்?"

"உரசுனா பொறி வரும். மருந்துப் பக்கம் ஆகாது."

கடைக்காரர் என்னையும் காந்தத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எதுல சார் ஓடப் போறாங்க, மலையிலயா மருந்துலயா?" என்று கேட்டார். சிவகாசிக்காரனிடம் மருந்தைப் பற்றி மதுரைக்காரர் கிண்டலா? எழுந்து வந்துவிட்டேன்.

கடைசியில் படிந்தது விருதுநகர் பஜாரில் ஒரு சின்னக் கடையில்தான். கறுப்பு நிறம், பார்க்க எருமைக் கன்றுபோல இருந்தது. ஆனால் நல்ல அடி, நல்ல தையல், துணி வளையம், காந்தம் எங்கேயும் ஒட்டவில்லை. விலை மதுரைக் கடையைவிடக் குறைவு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சைஸ் என்ன அண்ணாச்சி?" என்று கடைக்காரர் கேட்டார்.

பையிலிருந்து ஒரு துண்டுச் சணலை எடுத்து நீட்டினேன். முந்தின நாள் அவள் வேலை பார்க்கும் அறை வாசலில் அவளுடைய செருப்பை அளந்து நறுக்கியது. வரிசையாகக் கிடந்த செருப்புகளில் அவளுடையதைக் கண்டுபிடிப்பது சுலபம், அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. என் பெண்டாட்டிக்குக் கொஞ்சம் பெரிய கால் என்று எனக்குத் தெரியும். எட்டு வருஷமாக அவளுக்குச் செருப்பு எடுத்துக் கொடுப்பவனும் நான்தான்.

கடைக்காரர் சணலை வைத்து அளந்தார். "ஏழு வருது. பொம்பளையாளுக்கு ஏழா? அவுகள ஒரு தடவ கூட்டிட்டு வாங்களேன், போட்டுப் பாத்து எடுப்போம்."

"அஞ்சாம் நம்பருக்கும் ஏழாம் நம்பருக்கும் ஒரே வெலைதான?"

"ஒரே வெலைதான்."

"ஏழுல ரப்பர் எம்புட்டுக் கூட இருக்கு பாருங்க!" என்றேன். அவர் ஏழாம் நம்பரைக் கட்டிக் கொடுத்தார். செருப்பு வாங்கும்போதும் எனக்கு இதுதான் கணக்கு. ஒரே விலைக்குப் பெரியது கிடைக்கும்போது சின்னதை வாங்குகிறவன் மடையன்.

வீட்டில் அவள் போட்டுப் பார்த்தாள். இரண்டடி நடந்தாள்.

"தொளதொளன்னு இருக்கே."

"ஓட ஓடக் கால் வீங்கும். அப்பச் சரியா நிக்கும்" என்று சொல்லிவிட்டு, கம்பெனியில் கழிவாகக் கிடந்த பழுப்புத் தாளில் இரண்டைச் சுருட்டி முனையில் ஷூவுக்கொன்றாகத் திணித்துக் கொடுத்தேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து கயிற்றை இறுக்கிக் கட்டினாள். அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் கண்மாய்க் கரையில் ஓட்டம். டப்பு டப்பு என்று சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். ரப்பர் அவ்வளவு கெட்டி என்று டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

போட்டியன்று அவள் அறைப் பெண்கள் ஒரு வேன் பிடித்து வந்துவிட்டார்கள். தொடக்கத்தில் ஒரு ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார் எல்லோர் காலையும் பார்த்துச் சரி சொன்னார். என் மனைவியின் ஷூவை மட்டும் இரண்டு தடவை பார்த்தார். தரத்தைப் பார்த்து வியக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். விசில் ஊதியதும் நாற்பது ஐம்பது பேர் புழுதி கிளப்பிக்கொண்டு போனார்கள். அவள் கடைசியில் இருந்து நாலைந்து பேருக்கு முன்னால் டப்பு டப்பு என்று போனாள். அறைப் பெண்களில் ஒருத்தி, "அண்ணே, அக்கா முடிச்சிருவாளா?" என்று கேட்டாள். "ஷூ யாரு எடுத்தது?" என்றேன். ஆனால் கண் மலைப்பாதையை விட்டு நகரவில்லை. பாதியில் நின்றுவிட்டால் அவள் அழமாட்டாள், அந்தச் சான்றிதழைப் பிறகு எடுத்துப் பார்க்கவே மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். முதலில் ஒரு கல்லூரிப் பெண் இறங்கி வந்தாள். பின்னாலேயே இன்னொருத்தி. மூன்றாவதாகத் தோப்பு முனையில் தெரிந்த உருவத்தைப் பார்த்து வேன் பெண்கள் ஓவென்று கத்தினார்கள். சத்தமே இல்லாமல் வந்தாள். டப்பு டப்பு காணோம். கோடு தாண்டி நின்றபோதுதான் காலைப் பார்த்தேன். ஆடிதோறும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிற அதே வெறுங்கால்.

"ஷூ எங்கம்மா?" என்றார் வாத்தியார்.

"மேல கெடக்கு சார். கொட்டகைக்குள்ள முத்திர குத்தப் போகயில கழட்டிட்டேன்."

"உள்ள போக ஏன் கழட்டுன?"

அவள் முழித்தாள். வேன் பெண்கள்தான் பதில் சொன்னார்கள். "ரூமுக்குள்ள செருப்போட எப்படி சார் போக முடியும்?" அவர்களில் யாருக்கும் அது கேள்வியாகவே தோன்றவில்லை. எனக்கும்தான். வாத்தியார் சிரித்துவிட்டு, "நான் பாக்க வேண்டியத ஆரம்பத்துலயே பாத்துட்டேன்" என்று சொல்லி, மூன்றாவது என்று எழுதிக்கொண்டார்.

முதல் மூன்று பேருக்கும் பரிசு ஆளுக்கொரு ஜோடி நல்ல மலை ஷூ. மேடையில் அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு வாத்தியார் மைக்கில் கேட்டார். "உனக்கு என்ன சைஸும்மா?"

"ஏழு!" என்று கூட்டத்திலிருந்து நான் கத்தினேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. மைக்கிடம் குனிந்து, "அஞ்சு" என்றாள்.

கூட்டம் சிரித்தது. அவள் அறைப் பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அவர்களுக்கெல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. நான் மட்டும் காதில் சூடேறி நின்றேன். அங்கே நிற்க முடியாமல், மேலே கிடக்கும் ஷூவை எடுத்து வருகிறேன் என்று மலையேறினேன். காசு கொடுத்து வாங்கியதை விட்டுவிட்டு வர முடியுமா?

பாதி வழியில் என் செருப்பின் வார் அறுந்தது. அதுவும் நான் அலசி ஆராய்ந்து எடுத்ததுதான். கையில் பிடித்துக்கொண்டு, முள்ளுக்கும் கல்லுக்கும் பயந்து பயந்து கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் ஷூ இரண்டும் ஒட்டி ஒட்டி, முனை வெளியே பார்க்கும்படி இருந்தன. கம்பெனியில் அப்படித்தான் விட வேண்டும். ஏதாவது என்றால் காலை நுழைத்துக்கொண்டு ஓட வசதி. நுழைத்துக்கொண்டு ஓட வேண்டியவள் அதை அங்கேயே விட்டுப் போயிருக்கிறாள். மறதி என்று நினைத்து உள்ளே கையை விட்டேன். நான் வைத்த தாள் வந்தது. அதற்குப் பின்னால் பழைய சேலைத் துணி வந்தது. குதிகால் பக்கம் பஞ்சு. அதற்கும் கீழே நாலாக மடித்த அந்த நோட்டீஸ். எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டபோது ஒரு சின்னக் குவியலே ஆகிவிட்டது. இவ்வளவையும் காலடியில் வைத்துக்கொண்டா ஒரு மாதம் ஓடினாள்? வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

வெறுங்காலோடு இறங்க எனக்குத் தைரியம் இல்லை. வேறு வழியில்லாமல் அந்த ஷூவைப் போட்டேன். அச்செடுத்தது போல உட்கார்ந்தது. முன்னால் சரியாக ஒரு கட்டைவிரல் இடம்.

அடிவாரத்தில் அவள் புதுப் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் நடந்து வந்தபோது முதலில் என் காலைத்தான் பார்த்தாள்.

"அங்கனயே மறந்துட்டியா?" என்றேன்.

"மறக்கல. வெளிய வந்து பாத்தேன். திரும்பப் போட மனசில்ல." பிறகு என் காலைக் காட்டினாள். "எட்டு வருசமா உங்க காலுக்குத்தான் வாங்கிட்டு இருந்திருக்கீக."

கல்யாணத்தன்று மெட்டி போட அவள் காலைக் கையில் பிடித்தேன். அதற்குப் பிறகு அவள் காலை நான் பார்த்ததில்லை, செருப்பைத்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் செருப்பு எடுக்க அதே விருதுநகர்க் கடைக்குப் போனோம், இரண்டு பேரும். நான் அந்தக் கறுப்பு ஷூவைப் போட்டிருந்தேன். கடைக்காரர் என் காலைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார், பிறகு என்னிடம் சைஸ் கேட்டார். நான் அவளைக் கைகாட்டினேன்.