நாற்பது கிலோமீட்டருக்கு வெளியே

இது நடந்த விஷயம். கதை கட்ட எனக்குத் தெரியாது. நான் கும்மிடிப்பூண்டியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், பேர் சின்னராசு. சாமியார் பேச்சு, செல்போனில் வருகிற சேதி, எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை. இதையும் நம்பவில்லை. மூன்று வேறு நாளில் மூன்று தடவை ஏஞ்சலினை உட்கார வைத்துக் கேட்டேன். எங்கேயாவது முன்னே பின்னே சொல்லுவாள், பிடித்துவிடலாம் என்று பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட மாறவில்லை. அதனால் எழுதுகிறேன். அவளுக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பங்கு பிறகு வரும்.

ஏஞ்சலின் எங்கள் தெரு அந்தோணியின் மகள். ஒரே பிள்ளை. தாய் இல்லை. அந்தோணி சிப்காட்டில் இரும்பு உருக்குகிற கம்பெனியில் முப்பது வருஷம் வெந்தவன். இப்போது இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். ஒரு வேளை தவறினால் மூச்சு வாங்கும். மகள் எப்படியோ முட்டி மோதிப் படித்து, விமானத்தில் துணை பைலட்டாகச் சேர்ந்துவிட்டாள். எங்கள் தெருவில் யாரும் விமானத்தில் ஏறினதுகூட இல்லை.

அந்த வேலையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு பேஸ் என்று ஓர் ஊரைக் கொடுப்பார்களாம். அந்த ஊரில் தங்கித்தான் டூட்டிக்கு வர வேண்டும். கேட்ட ஊர் கிடைக்காது. அவளோடு சேர்ந்த முப்பது பேரில் சென்னை கிடைத்தது மூன்று பேருக்குத்தான். மற்றவர்கள் டில்லி, கல்கத்தா, கவுகாத்தி என்று பெட்டியைத் தூக்கினார்கள். இவள் அப்பாவின் நிலைமையை எழுதிக் கொடுத்து, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, சென்னையை வாங்கினாள். அதிலும் ஒரு கொக்கி வைத்தார்கள். முதல் ஆறு மாதத்தில் இரண்டு தடவை லேட்டாக வந்தால் கவுகாத்தி. ஒரு தடவை ஏற்கெனவே ஆகியிருந்தது. கவரப்பேட்டையில் ரயில் நின்றுபோன அன்றைக்கு. இன்னொன்று ஆனால் அந்தோணியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக ஆள் கிடையாது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. விடிகாலை டூட்டிக்குக் கம்பெனி கார் வீட்டுக்கே வரும். ஆனால் ஏர்போர்ட்டில் இருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும். நம் ஊர் அதற்கு ரொம்ப வெளியே. அதனால் மாதவரத்தில் இருக்கும் அத்தை சாராளின் வீட்டைத் தன் வீடு என்று எழுதிக் கொடுத்திருந்தாள். முந்தின நாள் சாயங்கால ரயிலில் அத்தை வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வாள். கார் அங்கே வரும். தூரத்தில் இருந்து வருகிற பிள்ளைகள் நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்களாம். யாரும் வெளியே சொல்வதில்லை.

போன மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அந்தோணிக்குக் குளிர்ஜுரம் கண்டுவிட்டது. பல் கிட்டிக்கொண்டு நடுங்கினான். அவனை விட்டுவிட்டு ரயில் ஏற அவளுக்கு மனசு வரவில்லை. கடைசி ரயிலும் போனது. புதன் விடிகாலை 4.30க்கு அவள் ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். மாதவரத்துக்குக் கார் வருவது 3.20க்கு. அதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். ஒருத்தன் 2.00 மணிக்கு ஆட்டோ எடுத்துவந்து கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தான்.

2.00. ஆட்டோ வரவில்லை.

2.05. அவன் போன் சுவிட்ச் ஆப்.

டாக்சி பிடிக்கிற ஆப்பில் தேடினாள். ஒருத்தன் ஒத்துக்கொண்டு கேன்சல் பண்ணினான். இன்னொருத்தன் போன் போட்டு, கும்மிடிப்பூண்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். 2.15. யூனிபார்மோடு வாசலில் நின்று அழுதாள். உள்ளே அப்பாவுக்குக் கேட்கக்கூடாது என்று கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

2.20க்குத் தெருமுனையில் வெளிச்சம் திரும்பியது.

வெள்ளைக் கார். நேராக அவள் வாசலில் வந்து நின்றது. ஒரே ஒரு ஹாரன்.

"மேடம், பிக்கப்" என்றான் டிரைவர்.

கம்பெனி கார் இங்கே எப்படி வந்தது என்று அவள் யோசிக்காமல் இல்லை. அத்தைதான் டிரைவருக்குப் போன் பண்ணி, கெஞ்சி, அனுப்பியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். தண்ணீரில் மூழ்குகிறவள் கைக்குக் கிடைத்ததைப் பிடிப்பாள். அப்பாவிடம், கார் வந்துட்சிபா என்று குரல் கொடுத்துவிட்டு ஏறிவிட்டாள்.

பின்சீட்டில் இன்னொருவன் இருந்தான். இளவயது. அவளைப் போலவே யூனிபார்ம், தோளில் இரண்டு பட்டை. ஒரே காரில் இரண்டு பேரை ஏற்றுவது வழக்கம்தான். ஆனால் அவனை இதற்குமுன் அவள் பார்த்ததில்லை. தலையசைத்தாள். அவன் அசைக்கவில்லை.

பஜார் தாண்டி ஹைவே ஏறினார்கள். ஏசி எலும்பு வரை குளிர்ந்தது. கண்ணாடியில் ஒரு பொட்டு ஆவி இல்லை.

முன்னால் இருந்த கடிகாரம் 2.47 காட்டியது. தன் போனைப் பார்த்தாள். 2.28. ஓட்டைக் கடிகாரம் என்று விட்டுவிட்டாள்.

கவரப்பேட்டை போனது. எதிரில் ஒரு லாரி இல்லை. அந்த ரோட்டில் எந்த நேரத்திலும் லாரி இல்லாமல் இருக்காது. அது எனக்குத் தெரியும்.

சொட்... சொட்... என்று ஒரு சத்தம்.

கீழே பார்த்தாள். அவன் ஷூவில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மழை பெய்து மாசக்கணக்கு ஆகிறது. அவன் பெட்டியின் சக்கரத்தில் கோரைப்புல் சுற்றியிருந்தது. சேற்று வாடை.

அவன்தான் முதலில் பேசினான்.

"எந்த பேஸு?"

"சென்னை."

"எனக்கும் சென்னைதான் குட்த்தாங்க."

அவ்வளவுதான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பஞ்செட்டி தாண்டினார்கள். அத்தைக்கு ஒரு மெசேஜ் போட்டாள். காரை வீட்டுக்கே அனுப்பினதற்குத் தேங்க்ஸ் என்று. 2.44க்கு அத்தையே கூப்பிட்டாள்.

"இன்னாடி சொல்ற? நான் யாருக்கும் போன் பண்லியே. உன் காரு மூணு இருவதுக்குத்தான வரும்?"

லைன் தானாகவே அறுந்தது.

டிரைவரைப் பார்த்தாள். அவன் முகம் தெரிய வேண்டிய கண்ணாடியில் பின்னால் போகிற ரோடு மட்டும் தெரிந்தது.

"நிறுத்துங்க" என்றாள்.

கார் நிற்கவில்லை. எதிரே ஆற்றின் மேல் காரனோடைப் பாலம் தெரிந்தது.

டிரைவர் கையை மட்டும் பின்னால் நீட்டினான். அட்டையில் செருகிய தாள். ஏறுகிறவர்கள் தினமும் பேர், விலாசம், நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுகிற தாள்.

"சைன் பண்ணுங்க மேடம்."

வாங்கிவிட்டாள். பழக்கம். கை தானாக நீண்டது என்றாள் என்னிடம்.

முதல் வரியில் ஒரு பேர். ஸ்டீபன். கொளத்தூர் விலாசம். நேரம் 2.47. கையெழுத்து.

இரண்டாவது வரி காலி.

பேனாவை வைத்தாள். மாதவரம் என்று எழுத முதல் எழுத்தை எடுத்தாள்...

பக்கத்தில் இருந்தவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். ஐஸ் மாதிரி... ஈரம்.

"எந்த அட்ரஸு எழ்தப் போற?"

"மாதவரம்... அத்த வூடு."

"நெஜத்துல எங்க?"

"கும்மிடிப்பூண்டி."

"அதயே எழ்து" என்றான். "எனக்கு வடமதுர. நான் கொளத்தூருன்னு எழ்திட்டன்."

கையை விட்டான்.

அவள் எழுதினாள். கும்மிடிப்பூண்டி. தெருப் பேர். கதவு எண். எழுத்தெல்லாம் கோணல்.

தாள் முன்னால் போனது.

கார் நின்றது.

டிரைவர் அதைப் படித்தான். ரொம்ப நேரம் படித்தான்.

"இது லிமிட்டுக்கு வெளிய மேடம்" என்றான். "இங்கல்லாம் பிக்கப் கெடையாது."

கதவு தானாகத் திறந்தது.

"எறங்கிக்குங்க."

இறங்கினாள்.

திரும்பிப் பார்த்தாள்.

கார் இல்லை.

போனில் 2.47.

இனி என் பங்கு. 2.00 மணிக்கு வருகிறேன் என்று சொன்ன அந்த ஆட்டோக்காரன் நான்தான். போனில் சார்ஜ் இறங்கி அலாரம் அடிக்கவில்லை. முழித்துப் பதறி ஓடி அவள் வாசலுக்கு வரும்போது 2.30. பாயில் கிடந்த அந்தோணி, கம்பெனி கார் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது என்றான். எனக்கு உறைத்தது. நாலு மாசமாக வராத கார் இன்றைக்கு மட்டும் ஏன் வரும்? யாரோ கடத்திவிட்டான் என்றுதான் நினைத்தேன். வண்டியை விரட்டினேன்.

3.05க்குக் காரனோடைப் பாலத்தின் மேல் அவளைப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் பெட்டி. கையில் மூடி இல்லாத பேனா. பாலத்தில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அவள் மணிக்கட்டு மட்டும் நனைந்திருந்தது. அதை நான் தொட்டுப் பார்த்தேன்.

மாதவரத்தில் நிஜக் கார் காத்திருந்தது. அதில் ஏற்றி அனுப்பினேன். ஏர்போர்ட்டில் அவள் அடையாள அட்டையைத் தேய்த்தபோது 4.41. பதினோரு நிமிஷம். விமானத்தை வேறு ஒருத்தர் ஓட்டிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவள் விலாச விஷயம் உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பேய்க் கதையைக் கேட்டு அந்த அதிகாரி சிரிக்கத்தான் பார்த்தாராம். ஸ்டீபன் என்ற பேரைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. அப்படி ஒரு பையன் இருந்தான். வேறு பேட்ச். பன்னிரண்டு நாளாக டூட்டிக்கு வரவில்லை. கொளத்தூர் விலாசத்தில் விசாரித்தால், அது சிநேகிதன் ரூம், அவன் இங்கே தங்குவதே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். வேலையை விட்டு ஓடிவிட்டான் என்று எழுதி மூடிவிட்டார்கள்.

அதற்காக இவளை விட்டுவிடவில்லை. கவுகாத்தி ஆர்டரை அன்றைக்கே கையில் கொடுத்தார்கள். முதல் தேதி போய்விட்டாள். செவ்வாய், வியாழன், சனி அந்தோணியை இப்போது நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். அரைமணி நேரம் லேட்டாக வந்தவன் நான்தானே.

அவள் ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். கண்ணால் பார்க்காமல் எனக்கு ஆகாது. சனிக்கிழமை பட்டப்பகலில் அந்தப் பாலத்துக்குக் கீழே இறங்கினேன். கோரைக்குள் முதலில் சக்கரம் வைத்த பெட்டி தெரிந்தது. அப்புறம் ஷூ. போலீசைக் கூப்பிட்டேன். தோளில் இரண்டு பட்டை இருந்தது. எப்படி விழுந்தான் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அவன் நிஜ வீடு எங்கே என்று கம்பெனிக்கும் தெரியாது, போலீசுக்கும் தெரியாது. தெரிந்தது ஏஞ்சலினுக்கு மட்டும். அவளை ஏற்றிக்கொண்டு, போலீசுக்கு வழிகாட்டி, ஜனப்பன்சத்திரம் கூட்டு ரோட்டில் திரும்பிப் பெரியபாளையம் போகிற வழியில் வடமதுரைக்குப் போனோம். ஸ்டீபனின் அம்மா பேர் கிரேஸ். மகன் கவுகாத்தியில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை லேட்டானால் அங்கே அனுப்பிவிடுவார்கள் என்று அவன் சொல்லியிருந்தானாம். போன் வராததற்குக் காரணமும் அவளே கற்பித்துக்கொண்டாள். மலை ஊராம், சிக்னல் கிடைக்காதாம்.

போலீஸ்காரர் விஷயத்தைச் சொன்னார். அவள் அழுது ஓய ரொம்ப நேரமானது.

வெளியே நின்ற எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. வாசல் வேப்பமரத்தடியில் ஒரு பைக், மேலே கவர் போட்டு மூடி, பதிமூன்று நாள் தூசியோடு. கொளத்தூருக்கு அவன் தினமும் அதில்தான் போவானாம். அன்றைக்கு ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

கிரேஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கி இன்னாத்துக்கு நைனா பைக்கு? கம்பெனி காருதான் வாசலுக்கே வந்துச்சே. வெள்ளக் காரு. ஒரே ஒரு ஹாரன் அட்ச்சான்."