விருந்தாளிகளுக்கு முருங்கைக்கீரை

அஷ்ரஃபுன்னிசாவின் உடம்பைப் பற்றிப் பூந்தமல்லியில் அவள் தெருவே பேசும். அதில் முதல் ஆள், பிரியாணிக் கடை வைத்திருக்கும் அவள் கணவர் ஹாஜா மொய்தீன்தான். "தட்டுல ரவோண்டுதான் போட்டுக்கிற. அப்பால எப்டி ஊதிக்கினே போற? திருட்டுத் தீனி துன்றியா?" என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்பார். அவள் சிரித்து மழுப்புவாள். உள்ளே அவமானம் பிடுங்கித் தின்னும்.

குடலில் வாழும் நுண்கிருமிகளுக்கும் உடல் பருமனுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆராய ஆஸ்பத்திரியில் ஆள் தேடியபோது அவள் முந்திக்கொண்டு போனது அதனால்தான். தன் வாய்மேல் குற்றமில்லை என்று ஒரு டாக்டர் சொன்னால் போதும் அவளுக்கு.

முதலில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு மலம் கொண்டுவரச் சொன்னார்கள். வழக்கம்போலவே சாப்பிடுங்கள் என்றும் சொன்னார்கள். இவள் கேட்டால்தானே! விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கழுவி நல்ல விரிப்பை எடுத்துப் போடுகிறவள், வயிற்றை மட்டும் அலங்கோலமாகக் காட்டுவாளா? ஒரு வாரம் கூழும் கீரையும் சுண்டலுமாகத் தள்ளிவிட்டு, டப்பாவைப் பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

முடிவு வந்த அன்று ஹாஜாவும் கூடப் போனார். டாக்டர் ரோஷினி நெற்றியைச் சுருக்கினார். "ரத்தத்துல உள்வீக்கத்தோட அறிகுறி தெரியுது. குடல்ல மட்டும் நல்ல கிருமிங்களா இருக்கே. என்னம்மா சாப்பிட்டீங்க?"

வசமாக மாட்டிக்கொண்டவள் கூழ்க்கதையைச் சொன்னாள்.

"அதுக்கு முன்னாடி?"

"எனக்குன்னு தனியா இன்னா? மிஞ்சுறதுதான். பையன் கடிச்சு வச்ச பன்னு, பொண்ணு பாதியில வச்ச நூடுல்ஸு, இவரு கடையில மீந்துச்சுன்னு கொண்டாற குஸ்கா. சோத்த வீசுனா பாவம்னு இவருதான் சொல்லுவாரு."

ஹாஜா தரையைப் பார்த்தார்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "நாரே இல்லாத சாப்பாடா போனா, பட்டினி கிடக்கிற கிருமிங்க குடல் சுவத்து மேல இருக்கிற கோழைப் படலத்தை அரிக்கும். உடம்போட காவல் முழிச்சு சண்டைக்கு நிக்கும்; அதுதான் அந்த உள்வீக்கம். அந்தச் சண்டை ஓயலைன்னா எடை ஏறவும் அது ஒரு காரணம். தூக்கம், பரம்பரைன்னு வேறயும் இருக்கு. ஒரு வாரத்துல கிருமி மாறிடும், எடை அவ்வளவு சீக்கிரம் இறங்காது. ஆனா நீங்க திருடித் தின்னு குண்டாகலை."

அந்தக் கடைசி வார்த்தையில் அஷ்ரஃபுன்னிசாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

பழக்கம் லேசில் விடுமா? மறுநாள் பிற்பகல் கடையை மூடிவிட்டு வந்த ஹாஜாவின் கையில் அதே குஸ்காப் பொட்டலம். நீட்டிய பிறகுதான் அவருக்கே உறைத்தது.

அவள் வாங்கிப் பிரித்து, தட்டில் கொட்டி, அவர் முன்னாலேயே வைத்தாள்.

"நீங்க துன்னுங்க. என் வயித்துல கீற விருந்தாளிங்களுக்கு இன்னிக்கு முருங்கக்கீரை."

சோற்றை வீசுவது பாவம் அல்லவா? ஹாஜா ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.